குள்ளர் கோட்டை முற்றுகை

என் மனைவி நபீலா சொன்ன ஒரு விளக்கத்தை ஏழு வருடமாக நான் நம்பவில்லை. ஆனால் ஒருநாளும் எதிர்த்துக் கேட்டதுமில்லை.

கொம்பியூட்டர் விளையாட்டொன்றில் மலைக்கடியில் ஆற்றோரமாகக் கோட்டை வெட்டியிருந்தேன். அறுபத்துமூன்று குள்ளர்கள். படுக்கையறை, சமையலறை, காளான் தோட்டம், எல்லாம் நிலத்துக்குக் கீழே. என் சொல்லைக் கேட்கிற ஒரே குடிமக்கள். ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் அரக்கர் படை வந்து நின்றது. அதே நேரம் பள்ளிவாசலில் பாங்குச் சத்தம். நபீலா வந்து நின்றாள்.

"குத்பாப் பிரசங்கம் தொடங்கப் போகுது. இன்னும் எழும்பலயா?"

"என்ட ஆக்கள் மௌத்தாகப் போறாங்க, புள்ள!"

"அப்ப ஜனாஸாவையும் சேத்துத் தொழுதிட்டு வாங்க."

ஓடினேன். விளையாட்டை நிறுத்தாமல் வந்தது முதல் ரக்அத்தில்தான் நினைவுக்கு வந்தது. அந்தத் தொழுகையை அல்லாஹ்தான் மன்னிக்க வேண்டும்.

திரும்பி வந்தால் அறுபத்துமூன்று பேரும் உயிரோடு காளான் தின்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! அரக்கன் ஒருவனும் இல்லை. வாசல் சுரங்கம் மட்டும் பாத்தி பாத்தியாக வரம்பு கட்டி, ஆற்றுத் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

"யாரு இதத் தொட்ட?"

"எனக்கென்ன தெரியும்? மழ பெஞ்சிரிக்கும்."

"நிலத்துக்குக் கீழயா?"

"நீங்கதானே கட்டின. ஒழுகும்."

நபீலாவின் வாப்பா புத்தளத்தில் உப்பளம் செய்தவர். களப்புத் தண்ணீரை எந்த மடையால் விட்டு எந்தப் பாத்தியில் நிறுத்துவதென்று அவள் சின்னதிலேயே பழகியவள். நான் புடவைக்கடைக்காரன். அன்றே விசாரித்திருக்கலாம். அதற்குள் பக்கத்து வீட்டு இப்ஹாமிடம், படையை நானே மூழ்கடித்தேன் என்று சொல்லிவிட்டேன். நான் பொய்யனா, வெறும் கணவனா என்று ஏழு வருடம் யோசித்தேன்.

போன கிழமை, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் இப்ஹாம் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நானா, என்ட கோட்டையையும் வளைச்சிட்டானுகள். நீங்க அண்டைக்குச் செஞ்சத இதிலயும் செஞ்சு தாங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆற்றை வெட்டிவிட்டேன்.

"நானா! அரக்கன் கரையில நிக்கிறான். என்ட ஆக்கள்தான் மிதக்கிறாங்க!"

நபீலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோப்பையை மேசையில் வைத்தாள். இப்ஹாமின் குள்ளர்களில் பதினொரு பேர் மிச்சம். எழுந்து கதிரையை அவளுக்குக் கொடுத்தேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை உப்பு இறங்கியது போலிருந்தது. இப்ஹாமின் காதில் விழும்படியே, வாய்விட்டுக் கேட்டேன்:

"நபீலா, அண்டைக்கு நான் அந்தப் படைய எப்பிடி வெண்ட?"