வரிக்கு ஒன்றரைத் தப்பு

திரையில் ‘மொத்தத் தப்பு: 3’ என்று வந்ததும் செங்கல்வராயன் நாற்காலியை நகர்த்தித் தன் முதுகால் அதை மறைத்தான்.

கோப்பின் தலையிலேயே அவன் பெயர் இருந்தது. ஆசையாக அவனே போட்டுக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில், ஆளாளுக்கு பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதியதை, யாரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி ஒரே லைப்ரரியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் அவனுடைய பங்கு அறுபது வரி. ஒரு பட்டியலைக் கொடுத்தால், வெற்று வரிகளைத் தள்ளிவிட்டு, மீதி எத்தனை என்று எண்ணிச் சொல்லும்.

இன்று அந்த லைப்ரரிக்குத் தணிக்கை. அதற்கென்றே ஒரு செக்கர் இருந்தது. நிரலை ஓட்டிப் பார்க்காமல், எழுதியிருப்பதை மட்டும் படித்தே தப்புக் கண்டுபிடிக்கும். மொத்தம் எத்தனை என்று சொல்லும். முதல் தப்பு எந்த வரியில் என்று காட்டும். அதைத் திருத்தினால்தான் அடுத்தது தெரியும்.

“சாயங்காலத்துக்குள்ள எல்லா ஃபைலும் பூஜ்யம் காட்டணும்” என்று வனஜா மேடம் காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டார். “உங்க கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்ல இருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து.”

முத்தாபுதுப்பேட்டையில் அவன் அம்மா, பையன் பர்மனென்ட் ஆகிவிட்டான் என்று போன வாரமே தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அவன் படித்த பூந்தமல்லி மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறைப்படி முதல் தப்பைத் திருத்தினான். திருத்தியதை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டு செக்கரை ஓட்டினான்.

‘மொத்தத் தப்பு: 17.’

காது சுட்டது. ஒரு தப்பைத் திருத்தப் போய்ப் பதினாலு தப்பு பண்ணியிருக்கிறான். மாலை வகுப்புக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்ததைத் திருத்தினான். பிறகு அதற்கடுத்ததை.

‘மொத்தத் தப்பு: 90.’ இந்த முறை எந்த வரி என்றுகூட அது காட்டவில்லை. சொல்லவே கூசும்படியான தப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“இன்னா மாமே, மூஞ்சி வேர்த்துகினு கீது?” பக்கத்து மேஜை கோவிந்தராஜ் தலையை நீட்டிவிட்டான்.

“ஒண்ணுமில்லப்பா.”

“தள்ளு, பாப்போம். தொண்ணூறா! மொத்தம் எத்தினி வரி எய்தின?”

“அறுபது.”

“வரிக்கு ஒன்றரைத் தப்பா? யோவ், எய்தாத வரியிலயும் தப்பு பண்ணிக்கீறியே, நீ பெரிய ஆளுதான்!”

“மெதுவாப் பேசு, மேடம் காதுல விழப்போவுது.”

“நான் சொல்றதக் கேளு. அறுபது வரியையும் இஸ்த்து ஒரே வரியாக்கிடு. ஒரு வரியில எத்தினி தப்பு உக்காந்துர முடியும்?”

செங்கல்வராயனுக்கு அது முறையில்லை என்று தெரியும். ஆனால் அவமானம் வந்துவிட்டால் முறை எங்கே நிற்கிறது? ஒரே வரியாக்கினான். ரயில் மாதிரி நீண்ட அந்த வரியைச் சேமித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

கோவிந்தராஜ்தான் உரக்கப் படித்தான். “நானூத்திப் பன்னெண்டு!”

அதே நேரம் கண்ணாடி அறையிலிருந்து வனஜா மேடம் வெளியே வந்தார். “என் ஃபைலை யாரு தொட்டது? காலைல பூஜ்யம் காட்டிச்சு. இப்போ இருநூறு காட்டுது. நாளைக்கு பார்ட்டி வந்து உக்காந்தா நான் என்னன்னு சொல்றது?”

கீழே லேத் மட்டும் ஓடியது.

“தொத்து வியாதிடா” என்று கோவிந்தராஜ் கிசுகிசுத்தான். “உன்னுதுலேர்ந்து மேடத்துக்கு ஒட்டிக்கிச்சு.”

செங்கல்வராயன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்றான். சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டான்.

“மேடம், உங்க ஃபைல்ல ஒரு தப்பும் இல்ல. என்னாலதான். என் ஃபைல்ல மூணு இருந்துச்சு. திருத்தறேன்னு சொல்லி நானூறுக்குக் கொண்டுபோயிட்டேன். அது எப்படியோ உங்களுதுக்கும் பரவிடுச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“தப்பு எப்படிப் பரவும், செங்கல்வராயன்?”

“தெரியல மேடம். எனக்கு இந்த வேலை தெரியல, அதுதான் நிஜம். அந்தப் பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போட வேணாம். வீட்ல நானே சொல்லிக்கிறேன்.”

சொல்லும்போது அம்மா பேசிவைத்த தெரு முழுவதும் அவன் கண்முன் வாசலில் நின்றது. மேடம் அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் வேலப்பன்சாவடிக் கல்லூரியில் டெமோ காட்டிவிட்டு ஜேம்ஸ் படியேறி வந்தான். செக்கரை எழுதியவன் அவன்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு திரைகளையும் பார்த்தான். செங்கல்வராயனின் ஒற்றை வரியைக் கடைசிவரை நகர்த்திப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டோடு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அடப்பாவி மச்சான், ஆபீஸ்லயே ஒய்ங்கா எண்ணுறது உன் ஃபைல் ஒண்ணுதான்னு நம்பி, தப்ப எண்ணுறதுக்கு என் செக்கருக்குள்ள அதத்தானேடா போட்டு வெச்சிக்கீறேன்!”