கதவிடுக்குக்காரர்

மனிதர்களில் கதவிடுக்குக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். விடுமுறை நாளில் பழைய கார் ஒன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். கார் ஓடுகிறதா என்று அவரைக் கேட்காதீர்கள். ஓடுவது எந்த வண்டியும் செய்கிற வேலை. இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா? அதுதான் கேள்வி.

நான் அறிந்த கதவிடுக்குக்காரர் என் தங்கையின் வீட்டுக்காரர், அதாவது மாப்பிள்ளை. அவர் இடுக்கை அளப்பது சீட்டுக்கட்டால். மேலே நான்கு சீட்டு நுழைகிறது, கீழே ஆறு நுழைகிறது என்றால் அன்று வீட்டில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. கீலை நெகிழ்த்திக் கதவைத் தூக்குவார். கதவு சரியாகும், முன் மட்கார்டு கோணும். மட்கார்டை ரப்பர் சுத்தியலால் தட்டி நேராக்குவார். பானெட் ஒரு பக்கம் வாயைப் பிளக்கும். பானெட்டுக்கு அடியில் வாஷர் கொடுத்து அதையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி திரும்பிப் பார்த்தால், பழைய கதவு பழையபடியே இளிக்கும். ஆட்டத்துக்கென்று வாங்கிய சீட்டுக்கட்டில் பாதி காரின் வயிற்றுக்குள் விழுந்துவிட்டதால், அந்த வீட்டில் சீட்டு விளையாடி வெகுகாலமாகிறது.

விருந்தாளியாகப் போனால் தண்ணீர் கொடுப்பதற்கு முன் உங்கள் கையில் டார்ச்சைக் கொடுப்பார். "எங்க வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லுங்க" என்பார். தெரியவில்லை என்றால் உங்களுக்குக் கண் சரியில்லை. தெரிகிறது என்றால் உங்களுக்கு மனசு சரியில்லை. நான் இரண்டையும் சொல்லிப் பார்த்தவன். எப்போது முடியும் என்று கேட்டால் மட்டும் பதில் மாறாது: "இன்னும் ஒரு நூல்தான்." நூல் என்பது தச்சர் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவரோடு கடைத்தெருவுக்குப் போவதும் ஆபத்து. நிறுத்தியிருக்கும் அடுத்தவர் கார்களின் கதவோரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே நடப்பார், சொந்தக்காரர்கள் கத்துவார்கள், மன்னிப்புக் கேட்பது என் வேலை.

இத்தனைக்கும் நடுவில் என் தங்கைக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தக் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து எங்காவது ஒருமுறை போய்வர வேண்டும். அவள் உட்காரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் கதவு இருக்காது, அல்லது கதவு இருந்து சீட்டு இருக்காது.

அப்படியிருக்கையில் அவர்கள் மகள் முதன்முறையாக மேடையேறிப் பாடும் நாள் வந்தது. பெண் பயத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவும் அப்பாவும் முன் வரிசையில் இருந்தால்தான் தனக்குக் குரல் வரும் என்று சொல்லிவிட்டு மதியமே அரங்குக்குப் போய்விட்டாள். வாடகைக் கார் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன். மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. சொந்தக் காரில்தான் போவது என்றார்.

மாலையில் நான் போனபோது கார் நான்கு பக்கமும் கட்டையின் மேல் நின்றது. அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். முன் சீட்டுப் பக்கத்துக் கதவைச் சுற்றி எங்கே செருகினாலும் ஒரே அளவு சீட்டு! பட்டுப்புடவையோடு வந்த தங்கையை ஏறி உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். இத்தனை காலம் அவர் கனவில் கேட்ட அந்த மெல்லிய சத்தத்தோடு அது மூடியது. அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஜாக்கி வைத்துக் காரைக் கீழே இறக்கினார்.

கிழக் கார், இற்றுப்போன தரை. கட்டையின் மேல் ஒரு மாதிரி நின்ற உடம்பு, சக்கரத்தின் மேல் உட்கார்ந்ததும் வேறு மாதிரி வளைந்தது. மேல் இடுக்கு இருந்த இடம் தெரியவில்லை. கதவு இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து தங்கை தள்ளினாள், வெளியேயிருந்து நான் இழுத்தேன். அசையவில்லை. மாப்பிள்ளையோ குத்துக்காலிட்டு ஒரு கண்ணை மூடிவிட்டார்.

"ஒரு நூல்தான். மறுபடி தூக்கி, கீலை லேசா தளர்த்திட்டா போதும்" என்றார்.

தங்கை கண்ணாடியை இறக்கினாள். "என்னத்துக்குத் திறக்கணும்? நான்தான் உள்ள உட்கார்ந்தாச்சே. புள்ள அங்க காத்துக்கிட்டிருக்கா. வண்டிய எடுங்க."

அவர் ஜாக்கியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் ஜாக்கியை எடுத்து டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டேன். ஓட்டுபவர் பக்கத்துக் கதவு அழகாகத் திறந்தது. அதன்மேல் அவர் இன்னும் கை வைக்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும் தங்கை கியரைத் தாண்டி, ஸ்டீயரிங்கை உரசி, புடவையில் கிரீஸ் அப்பிக்கொண்டு அந்த வழியாகத்தான் இறங்கினாள். திரை விலகும்போது முன் வரிசையில் இருந்தோம். பெண் முதலில் அம்மாவின் கிரீஸைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள், பயம் போய்விட்டது. அவள் பாடப் பாட என் தங்கை வெளிப்படையாக அழுதாள். நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விலகி நின்ற திரையின் இரண்டு பாதிகளையும் அளந்துகொண்டிருந்தார். தங்கை அழுதுகொண்டே அவர் தாடையைப் பிடித்து மகள் பக்கம் திருப்பிவிட்டாள். அப்புறம் அவரும் அழுதார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அலமாரிக் கதவு என்று இதோ இப்போது நான் சொன்னதும் உங்கள் அலமாரியின் இரண்டு கதவும் மேலே ஒட்டி, கீழே விலகி நிற்பது உங்கள் கண்ணில் படுகிறதல்லவா? நேற்றுவரை அது உங்களுக்குத் தெரியாது. இனித் தெரியாமல் இருக்காது. போய்ச் சரிசெய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு உங்களுக்காக நிற்கிறார்கள்.