உன் அக்காவுக்கு அந்த மெஷின் வேண்டாம்

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீயும் என் தங்கச்சியும் மருமக்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ நினைப்பாய். தொண்டை ஆபரேஷனில் உன் அக்காவுக்குக் குரல்தான் போயிற்று. காது அப்படியே பாம்புக் காதாக இருக்கிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உன்னிடம் பேசினால்கூட, வெளியே வந்ததும் வராததுமாக, “தம்பிகிட்ட என்னைப் பத்தி என்ன வத்தி வெச்சீங்க?” என்கிறாள். அதனால்தான் கடிதம். விஷயம் ஒன்றே ஒன்று. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வரும் என்று நீ ஒரு மெஷினை வாங்கி அனுப்பப்போவதாகச் சொன்னாயே, அதை வாங்காதே. பணம் கட்டியிருந்தால் ரத்து செய்.

குரல் இல்லாதவள் எப்படி “வத்தி வெச்சீங்க” என்று சொன்னாள் என்று நீ கேட்பாய். எனக்குக் கேட்கிறது மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் குரலிலேயே கேட்கிறது. ஸ்டுடியோவில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். வேற்று மொழித் தொடர்களில் வருகிறவர்களின் வாயில் நம் ஆட்கள் பேசிய வசனத்தைப் பொருத்துகிறவன். அங்கே எனக்கு ‘உதட்டுக்காரர்’ என்றுதான் பெயர். பார்க்கிறவன் கண் நடிகையின் வாயில் இருந்தால் குரல் ஒரு துளி பிந்தினாலும் உறுத்தும். அதே கண் அவள் கையிலிருக்கும் துப்பாக்கிக்குப் போய்விட்டால், வசனம் எங்கே வந்து விழுந்தாலும் ஒருவனும் கண்டுபிடிக்க மாட்டான். கவனம் போகிற இடத்தில்தான் கண்ணும் காதும் ஒன்றாகச் சேரும். இத்தனை வருஷமாகச் சோறு போட்ட இந்தச் சங்கதி என் வீட்டுக்குள்ளேயே வந்து குந்திக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த அன்று உன் அக்கா என்னைப் பார்த்து வாயசைத்தாள். “கேஸ் சிலிண்டரை மூடிட்டு வந்தீங்களா?” தெளிவாகக் கேட்டது, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறும் பார், அந்த இழுப்போடு சேர்த்து. நான் துள்ளி எழுந்து, “சிஸ்டர், பேசறா! பேசறா!” என்று கத்தினேன். நர்ஸ் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

டாக்டர் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. “காது மட்டும் கேக்கிறதில்ல சார். உதடு அசையிறதைப் பார்த்தா மூளையே சத்தத்தை எடுத்துப் போட்டுக்கும். நீங்க அவங்களை அவ்வளவு கவனமாப் பாக்கறீங்க, அதான்” என்றார். நோய் என்றும் சொல்லவில்லை, நோய் இல்லை என்றும் சொல்லவில்லை.

இதில் வந்த கஷ்டம் என்னவென்றால், முகத்தைப் பார்த்தால்தான் குரல். கொஞ்சம் கவனம் பிசகினால், ஒரு கொட்டாவி வந்தால், டிவியில் யாராவது அழுதால், குரல் நின்றுவிடும், வாய் மட்டும் அசையும். உன் அக்காவோ ஒரு இடத்தில் நின்று பேசுகிற ரகமா? அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவாள், அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவாள். நான் முன்னும் பின்னுமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். சரி என்று என் சவரக் கண்ணாடியை அடுப்புக்கு மேலே மாட்டினேன். ஆவி படிந்து முகம் மறைந்தது. துடைக்கக் கையை நீட்டினேன், சட்டைக் கை தீய்ந்தது. தெருவில் நடக்கும்போது அவளுக்கு முன்னால் போய் அவள் பக்கம் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். டீக்கடை பெஞ்சில் தேமே என்று உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மடியில் நான் போய் உட்கார்ந்ததும், அவருடைய டீ என் சட்டைக்குள் இறங்கியதும் அப்படித்தான். இதை விடு. அன்றைக்கு அவள் அடுப்படி வாசலில் நின்று, “பால் பொங்குது, பால் பொங்குது” என்கிறாள். எத்தனை நன்றாகக் கேட்கிறது! நான் வழியை மறித்து எதிரே நின்று, “சொல்லும்மா, இன்னொரு தரம் சொல்லு” என்கிறேன். பால் வழிந்து, தீய்ந்து, அடுப்பு அணைந்து, அத்தனை சத்தமும் என் காதில் விழவில்லை. கடைசியில் அவளே என்னைத் தள்ளிவிட்டுப் போனாள். நீ சிரிப்பாய். சிரி. நானும் பாத்திரம் தேய்க்கும்போது சிரித்தேன், பிறகு முடியவில்லை.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அதை உன் அக்கா கழுத்தில் வைத்துக் காட்டினாள். முகம் மழிக்கிற மெஷின் மாதிரி ஒரு இரைச்சல், அதற்கு வாய் முளைத்துப் பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அதில் உன் அக்கா பேசிய முதல் வாக்கியம், “தலையைச் சீவிட்டு வரக் கூடாதா?” அந்தப் பெண் கை தட்டினாள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்தோம். மெஷின் அங்கேயே இருக்கிறது. உன் அக்கா வெறும் வாயால், “டீ வேணுமா?” என்றாள். எனக்கு அந்த இரைச்சல்தான் கேட்டது, மச்சான். மறுநாளும் இரைச்சல். நான் அவளையே பார்த்துப் பார்த்து, கண்ணில் நீர் வர வர உட்கார்ந்து, மெல்ல மெல்ல அவள் குரல் திரும்பி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தினமும் அந்த மெஷின் வீட்டில் பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். போனில் அவள் குரல் பதிவாகி இருக்கிறதே என்பாய். போட்டுக் கேட்டேன். முகம் இல்லாமல் அது யாரோ யாரிடமோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அவள் குரல் இப்போது உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? பயமாக இருக்கிறது.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். போன வாரம் அவள் துணி காயப்போடப் பின்பக்கம் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள். பதறாதே, கணுக்கால் சுளுக்குதான். நான் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டுத் தையல்காரம்மா பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் ஓடினேன். பாவி மகள் ஈரத்தரையில் கிடந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கிட்டே போய் முகத்தைப் பார்த்ததும்தான், “எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்” என்கிற குரல் வந்தது. இதற்கும் மெஷினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கையில் மெஷின் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாளே என்று ஆரம்பிக்காதே. இனிமேல் நான் அவளைத் தனியாக விடுவதாக இல்லை, அத்தோடு தீர்ந்தது.

இன்னொன்று, இதெல்லாம் என் பிடிவாதம் மட்டும் இல்லை. உன் அக்காவுக்கும் அந்த மெஷினில் விருப்பம் இல்லை. நேற்றுக்கூட எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். “எனக்கு எதுக்குங்க அதெல்லாம், நீங்கதான் இருக்கீங்களே” என்றாள். அவள் குரலிலேயே, என் இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

ஆகவே என் சொல்லைத் தட்டாதே. தங்கச்சியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். மருமக்கள் நன்றாகப் படித்து, நல்ல பெயர் எடுத்து, நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்.

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது உன் அக்கா பிடித்துக்கொண்டாள். உறையைப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்தாள். பால் பொங்கிய இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் கண் இமைக்காமல்தான் பார்த்தேன் மச்சான், குரல் வரவில்லை. மறுபடியும் சொன்னாள். வரவில்லை. வெறும் உதடு. அதனால் என் தொழிலில் செய்கிற மாதிரி ஒவ்வொரு அசைவாகப் படித்தேன். “நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்? நேத்து நீங்க கேட்டப்ப நான் வாயே தொறக்கல. அழுதுட்டிருந்தேன். நீங்களே கேட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கிறீங்க. நான் சொல்றது யாருக்குங்க கேக்குது?” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டாள், அவளுடையதைத் துடைக்கவில்லை.

மேலே எழுதியது அத்தனையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். மெஷினை உடனே அனுப்பு. பேட்டரி கூடுதலாகவே வாங்கு, அவள் பேச வேண்டியது நிறைய இருக்கிறதாம்.