பியூஸ்கட்டையும் நெத்திலிக் கருவாடும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பியூஸ்கட்டையிடம் திட்டு வாங்காத ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார் என்றால், அவர் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். ஆள் ஏசி மெக்கானிக். சொந்த ஊர் கீரப்பாளையம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், எங்களுக்குத் தெரியாது. பில் கட்டாத வீட்டில் பியூஸைப் பிடுங்குவது உலக வழக்கம். ஒழுங்காகக் கட்டிய வீட்டிலும் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் இவர் ஒருவர்தான்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்து ஏசியைப் பார்க்க வந்தவர் கண்ணில், ஈரத் தரையில் கிடந்த சீரியல் லைட் ஒயர் பட்டுவிட்டது. மாப்பிள்ளை கையில் தாலி. தவில்காரர் கெட்டிமேளத்துக்குக் குச்சியை ஓங்கிவிட்டார். பட்டென்று மண்டபம் முழுக்க இருட்டு. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீட்டர் பெட்டிக்கு ஓடினார். அங்கே பிடுங்கிய பியூஸோடு இவர் நின்றார்.

"யாருய்யா நீ? முகூர்த்த நேரத்துல கரண்ட நிறுத்துற?"

"தாலி கட்ட கரண்ட் எதுக்கு? கையாலதான கட்டுறாரு?"

செல்போன் டார்ச் வெளிச்சத்தில்தான் அந்தத் தாலி ஏறியது. பந்தியில் பாயசம் வரும்வரை நான் திறந்த வாயை மூடவில்லை.

அப்பேர்ப்பட்டவரை வீட்டுக்கே கூப்பிடும் நிலைமை போன கோடையில் வந்தது. தேவனாம்பட்டினத்தில் எங்களுக்கு மாடி வீடு. மூன்று வயது மகளுக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி. ஏசியைப் போட்டால் சற்று நேரத்தில் மீட்டர் பெட்டியில் இருக்கும் டிரிப்பர் சுவிட்ச் தானாக விழுந்து வீடே அணைந்துவிடும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். குழந்தை வீறிட்டு அழும்.

வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கடல ஒட்டி வீடு கட்டிக்கினு, ஏசியும் கேக்குதா ஒனக்கு?"

அறையில் இருந்த மிஷினைக் கழற்றி மோந்து பார்த்து, "பல்லி. சந்தேகமே இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். தேடியதில் பல்லி எதுவும் அகப்படவில்லை. "ஆவியா போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் மொபெட் தெரு முனை திரும்புவதற்குள் டிரிப்பர் விழுந்துவிட்டது.

என் மனைவியின் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அந்தாளு வேலைக்கு ஆவ மாட்டாரு. டிரிப்பர கழட்டிப் போட்டுட்டு கரண்ட டைரக்டா குடுத்துர்றேன்" என்றான். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் குடுத்தும்விட்டான். ஏசி ஜில்லென்று ஓடியது. குழந்தை தூங்கியது.

மறுநாள் பியூஸ்கட்டை கூப்பிடாமலே வந்து நின்றார். பல்லி விஷயத்தில் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நேரே பால்கனிக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அங்கே வெளி மிஷின் தலைமேல் ஒரு முறம், முறம் நிறைய நெத்திலி. உப்பில் ஊறிய மீனை மிஷின் கக்கும் வெப்பக் காற்றில் காயவைப்பது என் மாமியாரின் ஏற்பாடு. "காத்து சும்மாத்தான மாப்ள போவுது" என்பார். தெருவில் ஏசி இருக்கும் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

அந்நேரம் பார்த்து ஒரு பூனை, உப்புத் தண்ணீர் வழிந்த கைப்பிடிச் சுவரில் பின்னங்காலை ஊன்றி, மிஷின்மேல் முன்னங்காலை வைத்தது. ஒரு அலறல். பூனை எகிறிப் போய் எதிர் வீட்டுக் கூரையில் விழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது.

"பூன பறக்குது" என்று சிரித்துக்கொண்டே என் மகள் மிஷினைத் தொடக் கையை நீட்டினாள். வெறுங்கால். தரையெல்லாம் ஈரம்.

பியூஸ்கட்டை போட்ட ஒரு அதட்டலில் குழந்தை அப்படியே நின்றது. அவளை வாரி என் மனைவி கையில் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு, கீழே மீட்டர் பெட்டிக்கு ஓடினார். வீடு அணைந்தது.

நெத்திலியின் உப்புத் தண்ணீர் மிஷினின் ஒயர் பெட்டிக்குள் சொட்டி, மிஷின் முழுக்கக் கரண்ட் பாய்ந்திருக்கிறது. எர்த் ஒயர் கடல் காற்றில் அரித்து எப்போதோ அறுந்துவிட்டது. அத்தனை நாளும் எங்களைக் காப்பாற்றியது விழுந்து விழுந்து எரிச்சல் மூட்டிய அந்த டிரிப்பர்தான். அதைத்தான் மச்சான் கழற்றிப் போட்டிருந்தான்.

மச்சானும் மாமியாரும் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பியூஸ்கட்டை அவர்களைத் தாண்டிப் போனார். படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"பாப்பாவ கொஞ்சம் இங்க குடும்மா."

மடியில் உட்காரவைத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"சுருக்குன்னுச்சா கண்ணு?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமா."

மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தார்.

புது எர்த் போட்டு முடிக்கும்வரை பியூஸைத் தரமாட்டேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். விசிறியால் வீசியே சமாளித்தோம். வீட்டில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இப்போதும் சர்வீஸுக்கு வந்தால் வாசலிலேயே திட்டு தொடங்கிவிடும். எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் மொபெட்டைக் கிளப்பும்போது மட்டும், "இன்னும் கொஞ்ச நேரம் இருந்து திட்டிட்டுப் போங்கண்ணே" என்று சொல்லத் தோன்றும்.