அம்மாவுக்குப் பிடித்த பெண்

தமிழ்க் குடும்பங்கள் எந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலும், சொந்த மகளை ஒப்பிட்டுத் திட்டுவதற்கென்று அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாங்கள் குடியேறிய பிளானோவில் என் தோழிகள் ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒருத்தி உண்டு. மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்தவள், வயலின் வாசிப்பவள், கூப்பிட்டால் கோயிலுக்கு வருபவள். எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். பெயர் தெரியாது. அம்மா அவளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் என் மானம் மொத்தமாகக் கப்பலேறிய அன்று.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செமஸ்டர் ஸ்காட்லாந்தில் போய்ப் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதே சமயம் எங்கள் கல்லூரியில் இந்தியப் பெண்களுக்காகப் புதிதாக ஒரு சொராரிட்டி தொடங்கினார்கள். (பெண்கள் மட்டும் சேரும் சங்கம். சேருவதற்கு ரகசியச் சடங்கெல்லாம் உண்டு. அம்மாவிடம் 'கல்சுரல் கிளப்' என்று சொல்லி வைத்திருந்தேன்.) புத்தியுள்ளவள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பாள். எனக்கு இரண்டும் வேண்டும். இப்போது சேர்ந்துவிட்டு ஜனவரியில் ஸ்காட்லாந்து போய்விடலாம், அங்கிருந்து கோட்டை கொத்தளங்களை போட்டோ எடுத்து அனுப்பி உறவை வளர்க்கலாம் என்பது என் மகத்தான திட்டம்.

சொராரிட்டியின் தலைவி மேகா, குஜராத்திப் பெண், யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். பாதி வருடம் இருக்க மாட்டேன் என்பதால் எனக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. சேர்க்கும் சடங்கில் ஒரு விதி தவறினாலும் வெளியே போக வேண்டியதுதான்.

அம்மாவிடமும் ஒரு நிபந்தனை இருந்தது.

"போ கண்ணு, வேண்டாங்கல. ஆனா நான் போன் பண்ணா எடுக்கணும். இங்க இருக்கறப்பவே எடுக்க மாட்டீங்கற, அங்க போயா எடுக்கப்போற? டிக்கெட் போடற வரைக்கும் பாக்கறேன். ஒருவாட்டி எடுக்காம விட்டே, ஸ்காட்லாந்து கேன்சல்."

"எடுக்கறேம்மா, ப்ராமிஸ்."

எடுத்தேன். கிளாஸில் மேஜைக்கு அடியில் குனிந்து எடுத்தேன். தலையில் ஷாம்பூ நுரையோடு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்டது 'சாப்ட்டியா' என்பது மட்டும்தான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சடங்கு. புதிய சங்கம் என்பதால் சொந்த வீடு கிடையாது. ஃப்ரீவேயை விட்டு விலகி, ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு ஒரு ஹால் பிடித்திருந்தாள் மேகா. தூண் வைத்த பழைய வெள்ளைக் கட்டடம். உள்ளே நடந்தால் நம் காலடி நமக்கே கேட்காத அளவுக்குத் தடித்த கார்ப்பெட். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வெள்ளை உடை, விரித்த கூந்தல். (இதைத் தீர்மானித்தவள் ஒரு தமிழ்ப் பேய்ப்படம்கூடப் பார்த்ததில்லை.) ஏற்கெனவே உறுப்பினரானவர்களுக்கு அரக்கு நிறம். எங்கள் போன்களை ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மா எப்போதும் சாப்பாட்டு நேரத்துக்குத்தானே கூப்பிடுவாள், அதற்குள் முடிந்துவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

"கண்ணைக் கட்டித் தனித்தனி அறையில் உட்கார வைப்போம். நாங்கள் வந்து கூட்டிப்போகும்வரை யார் என்ன செய்தாலும் பேசக் கூடாது. உங்களைப் பேச வைக்க எல்லா வித்தையும் காட்டுவோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேகா சிரித்தாள்.

என்னைக் கடைசி அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அந்த அறையில் மட்டும் கார்ப்பெட் இல்லை. காலுக்கடியில் தரை ஜில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் துணி உரசும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். மூச்சு விடும் சத்தம் இல்லை, ஆனால் ஆள் இருப்பது தெரிந்தது. எனக்குக் காவல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். துணைக்கு ஒருத்தி இருப்பது ஆறுதலாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து போனாள். கதவு திறந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. ஈரமான, குளிர்ந்த ஒரு கை என் கன்னத்தைத் தொட்டது. ஒரு விரல் என் நெற்றியில் பொடி மாதிரி எதையோ பூசியது.

"அபி... கண்ணு... அம்மா வந்திருக்கேன். பேசு சாமி."

அசந்துபோனேன். என்ன ஒரு தயாரிப்பு! கோயம்புத்தூர்த் தமிழ் பேசும் ஆளை எங்கிருந்து பிடித்தார்கள்? இந்த வித்தைக்கெல்லாம் நான் மசிவேனா? அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"உசுரோட இருக்கறியான்னு மட்டும் சொல்லீரு கண்ணு!"

இவ்வளவு தத்ரூபமாக நடிப்பவளுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? புன்னகைத்தேன்.

"ஐயோ, சிரிக்கறாளே!" என்று அந்தக் குரல் அலறியது.

பிறகு அழுகை. இடையிடையே விக்கலோடு வரும் அழுகை. அதை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். ஊரில் அம்மாவின் அப்பா இறந்து, விசா சிக்கலில் போக முடியாமல் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த அன்று. அதை யாராலும் நடிக்க முடியாது. சொராரிட்டி, விதி எல்லாம் எங்கோ போய்விட்டன.

"அம்மா" என்றேன்.

கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், நைட்டிமேல் அப்பாவின் குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் எலுமிச்சம்பழமும் இன்னொரு கையில் விபூதியுமாக அம்மா. அலறல் கேட்டு ஓடி வந்த மேகாவும் மற்றவர்களும் மெழுகுவத்தியோடு வாசலில் திறந்த வாய் மூடாமல் நின்றார்கள்.

நடந்தது இதுதான். இட்லிப்பொடி வேண்டுமா என்று கேட்க அம்மா அன்றைக்கென்று சீக்கிரமே கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, போனில் நான் இருக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கட்டடம் ஹாலாக மாறுவதற்கு முன்னால் இறந்தவர்களைக் குளிப்பாட்டி அலங்கரித்துப் பார்வைக்கு வைக்கும் ஃபியூனரல் ஹோம். மேப்பில் அந்தப் பழைய பெயரே இருந்திருக்கிறது. அதற்குள் நான் ஒரு நீலப் புள்ளியாக அசையாமல் கிடந்திருக்கிறேன். அப்பா டோல்வேயில் அவ்வளவு வேகமாகக் கார் ஓட்டியது அதுவே முதலும் கடைசியும்.

விதி விதிதான் என்று மேகா வருத்தத்தோடு சொன்னாள். "பக்கத்துல நின்னு கூப்பிடறேன், வாயத் தொறக்கல. ஸ்காட்லாந்தாமா ஸ்காட்லாந்து!" என்றாள் அம்மா. கண்கட்டை அவிழ்த்த கையோடு இரண்டும் போயிற்று.

வந்த காரியத்தை விடாமல், வயதுப் பெண்கள் இந்த மாதிரி இடத்துக்கு வரலாமா என்று திட்டிக்கொண்டே எல்லோருக்கும் எலுமிச்சம்பழம் சுற்றினாள் அம்மா. பயந்துபோய் அவர்களும் வரிசையில் நின்றார்கள். முடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இன்னொரு புள்ள எங்க?"

"எந்தப் புள்ளம்மா?"

"வெள்ளை டிரஸ்ல, தலைய விரிச்சுப் போட்டுட்டு, நடையில நின்னுட்டிருந்தாளே. 'அபி எங்க கண்ணு'ன்னு கேட்டேன். கைய நீட்டி இந்த ரூமக் காமிச்சா."

மேகாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். வெள்ளை உடைக்காரிகள் எல்லோரும் கண்கட்டோடு அறைக்குள்தான் இருந்தார்கள், யாரும் வெளியே வரவில்லை என்றாள். அப்படியானால் எனக்குக் காவலாக உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டேன். யாருக்கும் காவல் போடவில்லை என்றாள்.

திரும்பி அறையைப் பார்த்தேன். சுற்றிலும் டைல்ஸ். தரையின் நடுவில் தண்ணீர் வடிய ஒரு துவாரம். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, நான் உட்கார்ந்திருந்தது. விதி எதுவும் இல்லாமலே எல்லோரும் மௌனமாகிவிட்டோம்.

அப்பாவின் காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். பிளானோ எக்ஸிட் வந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, நான் தமிழ்லதான் கேட்டேன். அந்தப் புள்ளைக்குப் புரிஞ்சிருக்குது பாருங்க."

டிசம்பரில் அம்மாவே டிக்கெட் போட்டாள். நம்ப முடியாமல் காரணம் கேட்டேன். "அங்க பூராப் பழைய கட்டடமாமே. நீ போனெடுக்கலன்னாலும் எங்க இருக்கறேன்னு சொல்ல யாராச்சும் இருப்பாங்க" என்றாள். ஸ்காட்லாந்தில் இருந்தவரை ஒரு அழைப்பையும் நான் தவறவிடவில்லை. விளக்கை அணைத்துத் தூங்கவும் இல்லை.

இப்போது பக்கத்து ஊரான ஆலனில் தனியாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். போனை எடுக்காத நாளெல்லாம் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வரும்: "பேரு ஊரு தெரியாத புள்ள, கேட்ட ஒடனே பதில் சொன்னா. நீயும் இருக்கறயே!" அப்பா பின்னணியில் சிரிப்பார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் இந்தக் கதை காபியோடு வழங்கப்படும்.

போன வாரம்கூட அம்மா கூப்பிட்டபோது எடுக்க முடியவில்லை. அரை மணி கழித்து நானே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பரவால்ல கண்ணு, நீ குளிச்சிட்டிருக்கறேன்னு அந்தப் புள்ள சொல்லீருச்சு" என்றாள். அப்பா வழக்கம்போலச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் குளிக்கப் போனதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இப்போதெல்லாம் குளியலறைக்குள்ளும் போனைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.