அனைவருக்கும் போட்ட தடையில் நானும் அடக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அலுவலகத்துக் கணினிகள் ஆறும் நலமில்லை. உன் சுகத்தை அம்மாவின் முகத்தை வைத்தே தெரிந்துகொள்கிறேன்.

நான்கு மாதமாகப் பேசாத மனுஷன் இப்போது எதற்கு எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். இது முழுக்க அலுவலக விஷயம். வேறொன்றுமில்லை.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும் முன் நம் கட்டட வரைபடங்களையெல்லாம் ஒரே பொதுக் கோப்புறையில் போட்டு, யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போனாய். அம்மா திருத்தலாம். படம் வரைகிறவர் திருத்தலாம். அப்போதுதான் சேர்ந்திருந்த வரவேற்புப் பெண்ணுக்குக்கூடப் பாதி அனுமதி. பெயர்ப்பலகையில் இருக்கிற எனக்கு 'படிக்க மட்டும்'. ஒரு தடவை நான் மவுசை இழுத்ததில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று விடுமுறைப் பட்டியலுக்குள் போய் விழுந்தது உண்மைதான். அதற்காக ஆயுள் தண்டனையா?

இன்று திங்கள்கிழமை. காலையில் வந்து பார்த்தால், மருத்துவமனை வரைபடத்தில் மாடிப்படியின் அகலத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் ஆளாளுக்கு மின்விசிறியைப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இழுப்பறையில் நீ ஒட்டிவைத்திருந்த நிர்வாகக் கடவுச்சொல்லைப் போட்டு, அனுமதிப் பட்டியலைத் திறந்து, எனக்கு எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக்கொண்டேன். அத்தோடு எழுந்திருக்கலாம். 'அனைவரும்' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அதற்கு நேராக 'தடை' கட்டத்திலும் ஒரு டிக் போட்டேன். அந்த அனைவரில் நானும் ஒருவன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"சார், என் படத்தை என்னாலயே பாக்க முடியல" என்றார் வரைகிறவர். "என்னாலயும் முடியலப்பா" என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரே டிக்குல மொத்த ஆபீஸையும் மூடிட்டீங்க" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரைபடத்தைக் கொடுக்காவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும்.

கணினி பழுது பார்க்கிறவர் வந்தார். கோப்புறையின் உரிமையாளர் நுழைந்தால் இரண்டு நிமிட வேலையாம். உரிமையாளர் நீ. "வேலைய விட்டுப் போயிட்டாங்களா? அப்போ இத முடிச்சிட்டு அவங்க பேரைப் பட்டியல்லருந்து தூக்கிடுங்க சார்" என்றார். "அது அங்கயே இருக்கட்டும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் காப்பியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நீ கிளம்பிய அன்று, "யார் போனாலும் இந்த ஆபீஸ் நிக்காது" என்று சொன்னேன். நின்றுவிட்டது. ஆகவே உடனே வந்து திறந்துவிட்டுப் போகவும்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாயிரு.

இப்படிக்கு,
படிக்க மட்டும் அனுமதியுள்ள
உன் அப்பா

பின்குறிப்பு: இதை மூன்று நாளாகச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பூட்டை அம்மா செவ்வாய்க்கிழமை காலையிலேயே திறந்துவிட்டாள். நீதான் போனில் உன் சொந்தக் கடவுச்சொல்லைச் சொன்னாயாமே. தினமும் பேசுகிறீர்களாமே. மாடிப்படியை மாற்றியதும் அம்மாதானாம், அதுதான் சரியான அளவாம். வரைபடத்தை இன்று கொடுத்தாயிற்று. எனக்கு மறுபடியும் 'படிக்க மட்டும்'. ஆக, மேலே எழுதிய எதற்காகவும் நீ வர வேண்டியதில்லை. கடிதத்தைக் கிழிக்கத்தான் வெளியே எடுத்தேன். ஆனால் உன்னோடு பேச எனக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பும்மா. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா.