உப்பைக் குறையுங்கோ

"ஆற்றை வீட்டை போறியள்?"

நெடுந்தீவுப் படகில் ஒரு காஸ் சிலிண்டருக்கும் இரண்டு சீமெந்து மூட்டைகளுக்கும் நடுவே உடம்பைச் செருகிக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளையிடம், எதிரே முட்டைத் தட்டுகளோடு இருந்த பெண் கேட்டாள்.

யாருடைய வீட்டுக்குப் போகிறீர்கள் என்ற இந்தக் கேள்வியிலிருந்து யாழ்ப்பாணத்தில் தப்பியவர் கிடையாது. குருநகரிலிருந்து புறப்படும்போது குடை, தண்ணீர்ப் போத்தல், பழைய சேட்டு எல்லாவற்றையும் யோசித்து எடுத்துக்கொண்ட நீக்கிலாப்பிள்ளை, ஒரு பதிலை மட்டும் எடுத்துவர மறந்திருந்தார்.

உண்மையைச் சொல்லவும் முடியாது. அவருடைய ஒரே மகள் டிலக்ஷி, நெடுந்தீவுப் பையன் ஜெயசுதனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பையன் தண்ணி பவுசர் லொறி ஓட்டுகிறான். "குடிக்கத் தண்ணியில்லாத தீவில தண்ணி ஓட்டுறானாம்" என்று சிரித்தவர், மகள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்ததைக் கண்டு வாயை மூடினார். ஞாயிறு பூசை முடிய ஓமா இல்லையா என்று சொல்வதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

"வான் பிடிச்சு, பலகாரத்தோடை மரியாதையாப் போங்கோ" என்றாள் மனைவி.

"மரியாதையாப் போனால் மரியாதையைத்தான் காட்டுவினம். சொல்லாமல் போனால்தான் வீட்டின்ரை குணம் தெரியும்."

அது ஒரு காரணம். பஸ் மலிவு, அரசாங்கப் படகுக்குக் காசே இல்லை என்பது இன்னொரு காரணம். மூன்றாவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறஷர் வந்த நாளிலிருந்து மனைவி உப்புப் போத்தலை ஒளித்து வைத்திருந்தாள். நெடுந்தீவில் எவளுக்குத் தெரியும் அவருடைய பிறஷர்? உப்பும் உறைப்புமாய் ஒரு மீன்கறி தின்னலாம்.

"உங்கடை தீவுக் காட்டுக் குதிரையளைப் பார்க்கப் போறன்" என்றார்.

"ஏன், அதுகளுக்கு வருத்தமே?"

"ஓம்... கொஞ்சம்."

"அப்ப நீங்கள் மிருக வைத்தியர்."

மறுத்திருக்கலாம். ஆனால் வைத்தியர் என்ற சொல் கேட்டதுமே பக்கத்திலிருந்தவர்கள் ஒதுங்கி, சன்னலோரம் இடம் விட்டுவிட்டார்கள். காசில்லாப் படகில் சன்னலோரம். நீக்கிலாப்பிள்ளை போய் இருந்துவிட்டார்.

"பேர் என்ன டொக்டர்?"

"சண்முகநாதன்" என்றார். மனதுக்குள் அந்தோனியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"நான் அற்புதராணி. முதல்ல எங்கடை வீட்டை வந்து ஆட்டைப் பாத்திட்டுப் போங்கோ. ரெண்டு நாளா அது ஒரு மாதிரி."

முருகைக் கல் மதில்களுக்கு நடுவே நடந்து வீட்டுக்குள் நுழைந்தவர் திகைத்துப்போனார். சுவரில், திருக்குடும்பப் படத்துக்குக் கீழே, ஜெயசுதனின் படம். மகளின் போனில் பார்த்த அதே சிரிப்பு. சம்பந்தி வீட்டுக்கே கூட்டிவந்திருக்கிறாள். அதுவும் செலவில்லாமல்.

சந்தோசம் ஆட்டைக் கண்டதும் போய்விட்டது.

"நாக்கை நீட்டு" என்றார். ஆடு அவருடைய சேட்டு நுனியைக் கடித்தது. மிருக வைத்தியத்தில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கிளினிக்கில் மாதாமாதம் தனக்குச் சொல்லப்படுவதுதான்.

"உப்பைக் குறையுங்கோ. காலமையும் பின்னேரமும் நடக்க விடுங்கோ. கோபப்படக் கூடாது."

"ஆடோ?"

"ஆடும்தான்."

அற்புதராணி பயபக்தியோடு தலையாட்டினாள். அதற்குள் மதிலுக்கு மேலால் செய்தி போய்விட்டது. படகில் கயிறு பிடிக்கிற சுபாஸ் மாட்டைக் கொண்டுவந்தான். பின்னால் இரண்டு ஆடுகள், ஒரு நாய், பையில் தலையை நீட்டியபடி ஒரு கோழி.

"எல்லாத்துக்கும் உப்புத்தானோ டொக்டர்?" சுபாஸ் கேட்டான்.

"தீவெல்லோ. சுத்திவர உப்பு."

வைத்தியத்துக்கு நடுவே வீட்டையும் கவனித்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நல்ல தண்ணீர் ஒரு குடம்தான் இருந்தது. முதல் தம்ளர் அவருக்கு வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை செம்போடு வந்து நின்றபோது, அற்புதராணி குடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் செம்பு நிறைய வார்த்தாள்.

மத்தியானம் வாழையிலை போட்டார்கள். விருந்தாளி சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் வீட்டாரும் மாட்டோடு வந்த சுபாஸும் சாப்பிட இருப்பார்கள். அதனால் அவர் தனியே இருந்தார். பழக்க தோசத்தில் நெற்றிக்குக் கை போய்விட்டது. சிலுவை போடப்போன சண்முகநாதன், நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று வரிசையாகச் சொறிந்து சமாளித்தார்.

திரளி மீன் குழம்பு. நண்டு. சொதி. ஆவலாய் அள்ளி வாயில் வைத்தார்.

உப்பில்லை. ஒன்றிலும் இல்லை.

"உப்பு" என்று கேட்க வாய் திறந்தார். வாசலில் நின்ற ஆடு அவரையே பார்த்தது. காலையிலிருந்து ஊர் முழுவதுக்கும் உப்பை நிறுத்திய வைத்தியர், வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

கோழியைப் பார்த்து முடிக்கப் படகுக்கு நேரமாகிவிட்டது. வேலை முடிந்து வந்த ஜெயசுதன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தான். துறையில் போய் நின்றபோது படகு தீக்குச்சி அளவில் தெரிந்தது.

"தனிப் படகு பிடிக்கலாமே தம்பி?"

அவன் சொன்ன தொகையில் வானும் பலகாரமும் மூன்று தரம் வந்திருக்கும். கோபப்படக் கூடாது என்று நீக்கிலாப்பிள்ளை தனக்கே வைத்தியம் சொல்லிக்கொண்டார்.

"ஏன் வீண்செலவு? வீட்டை நிண்டிட்டுப் போங்கோ."

திரும்பும் வழியெல்லாம் படலைக்குப் படலை ஆட்கள் மறித்தார்கள். நாளைக்குத் தண்ணி வருமோ, எங்கடை ஒழுங்கைக்கும் வருமோ. அவன் எல்லாரிடமும் நின்று கதைத்தான். ஒரு வயதான மனிசியின் வாளியைத் தூக்கிக் குசினி வரைக்கும் வைத்துவிட்டு வந்தான். பின்னால் இருந்தவர் யாரென்று தெரியாமல்தானே செய்கிறான் என்று நினைத்தபோது, நீக்கிலாப்பிள்ளைக்கு நெஞ்சு இளகியது.

அன்று இரவு அவருக்கு உடுத்தப் புதுச் சாரம் கிடைத்தது. வீட்டில் இருந்த ஒரே காத்தாடி அவர் பக்கம் திரும்பியது. பிட்டும் கணவாய்க் கறியும் வந்தன. உப்பில்லை. விடிய இடியப்பம் வந்தது. சம்பலிலும் உப்பில்லை.

துறைக்குப் போகும்போது மனது கனத்தது. பையன் தங்கம். தாய் தங்கம். ஆனால் டிலக்ஷி மாங்காய்க்கே உப்பை மலைபோலக் குவிக்கிற பிள்ளை. இந்தச் சாப்பாட்டில் ஆயுள் முழுக்க எப்படி இருப்பாள்? பிறஷர்காரன் தனக்கே இரண்டு நாள் தாங்கவில்லையே. ஞாயிறு என்ன சொல்வது?

கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த சுபாஸ் கை கொடுத்து ஏற்றினான்.

"எப்பிடி டொக்டர் எங்கடை தீவு?"

"தங்கமான சனம் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டையைக் குடுக்கலாம்." பெருமூச்சு விட்டார். "அந்த வீட்டுக் கறியில மட்டும் ஒரு கல்லு உப்பு இருந்திருந்தால்."

சுபாஸ் கயிற்றைச் சுருட்டியபடி சொன்னான்: "பெரிய சட்டியில உப்பு இருந்தது, நாங்களெல்லாம் அதிலதான் சாப்பிட்டனாங்கள், அப்பாவுக்குப் பிறஷர், தனிச் சட்டியில வையுங்கோ எண்டு டிலக்ஷி முந்தநாளே போன் எடுத்துச் சொல்லிப்போட்டா, நீக்கிலாப்பிள்ளை அண்ணை."